வராதவர்களின் வக்கீல்

அந்த அக்கா இருக்கும் இடத்தில் யாரைப் பற்றியும் புறம் பேச முடியாது. பேசினால், பேசப்பட்டவர் உடனே அங்கே வந்துவிடுவார். உடம்பு வேறெங்கோ இருக்கும். குரல் மட்டும் அக்காவின் வாய் வழியாக வரும். "சரி, அந்தாளு இங்க இல்ல. இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்தால் தீர்ந்தது. நாங்கள் யாரைத் திட்டிக்கொண்டிருந்தோமோ அவர் பக்கம்தான் நியாயம் என்று கொஞ்ச நேரத்தில் நாங்களே நம்பத் தொடங்கிவிடுவோம். கேன்டீனில் கல் மாதிரி வடை போட்ட மாஸ்டரோடு சண்டை பிடிக்க ஒருமுறை கூட்டமாகக் கிளம்பினோம். வழியில் அக்காவிடம் மாட்டிக்கொண்டோம். கடைசியில் மாஸ்டருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, அதே வடையில் ஆளுக்கொன்று கூடுதலாகத் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

தஞ்சாவூரில் நாங்கள் படித்த கல்லூரியில் சுற்றுச்சூழல் கொள்கை என்றொரு பட்டப்படிப்பைப் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். தமிழ்நாட்டில் கொள்கை என்று சொன்னாலே எதிராளி நம் வேட்டியின் கரையைத்தான் பார்ப்பான். "எந்தக் கட்சி தம்பி?" என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் கேட்டார். கட்சி இல்லை, படிப்பு என்றேன். "அப்ப எதுக்கு தம்பி கொள்கை?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் துறைத் தலைவருக்கும் அவ்வளவாகத் தெரிந்திருக்காது. ஒரு ஆட்சியில் ஒரு அமைச்சர் வந்து துறையைத் திறந்துவைத்தார். ஆட்சி மாறியதும் அந்தக் கல்வெட்டைப் பெயர்த்துவிட்டு, அதே அறையை இன்னொரு அமைச்சர் வந்து திறந்துவைத்தார். இரண்டு திறப்புக்கும் நடுவில் யாரோ மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது அமைச்சர் வந்தால் ஃபேன் வரும் என்று காத்திருந்தோம்.

நான் அதில் சேர்ந்தது சுற்றுச்சூழல் மேல் இருந்த பற்றினால் அல்ல. மற்ற துறைகளில் எல்லாம் இடம் முடிந்துவிட்டது என்று யாரோ சொன்ன பதற்றத்தில், எது காலி என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிளாட்பாரத்தில் எந்த ரயில் வந்து நின்றாலும் ஏறிவிடுகிற சுபாவம் எனக்கு. இன்றைக்கும் என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் ரயில் நிலையத்துக்கே வருவாள்.

அக்கா அப்படி இல்லை. தேடி வந்து சேர்ந்தவர். நாகப்பட்டினம் பக்கத்துக் கடைவீதிக் குடும்பம். எங்களைவிட ஆறேழு வயது மூத்தவர். கணவர் துபாயில். தலையில் முக்காடு, தோளில் பெரிய பை, பைக்குள் கணவர் அனுப்பிய டேப்ரிக்கார்டர். அவருக்கு அக்கா கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி அனுப்புவார். மதிய இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து, "மச்சான், இன்னைக்கு எங்க சாரு இறால் பண்ணைச் சட்டம் நடத்துனாரு" என்று பாடம் முழுவதையும் துபாய்க்கு ஒப்பிப்பார். அந்த மனிதர் ஏதோ ஒரு கட்டடத்தின் இருபதாவது மாடியில் நின்றபடி கடலோர ஒழுங்குமுறை விதிகளைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். பரீட்சைக்கு முன்னால் அந்தக் கேசட்டுகளைத்தான் நாங்கள் இரவல் வாங்கிக் கேட்டுத் தேறினோம். நடுநடுவே வரும் "மச்சான்" மட்டும் என் விடைத்தாளில் ஒருமுறை நுழைந்துவிட்டது.

அவருக்கு எப்படி இந்தப் பழக்கம் வந்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"என் கல்யாணத்தப் பேசி முடிச்சப்ப நான் எங்க இருந்தேன்னு நெனைக்கிற தம்பி? பக்கத்து ரூம்ல. வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். வந்தவங்களுக்குப் பிரியாணி போடணும்ல."

"உங்ககிட்ட கேக்கலையா?"

"பிரியாணிக்கு உப்பு போதுமான்னு கேட்டாங்க." சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல மனுசன்தான் கெடச்சாரு, அது வேற. ஆனா அன்னையிலேருந்து எங்க நாலு பேரு ஒக்காந்து முடிவு பண்ணாலும், பக்கத்து ரூம்ல யாரு வெங்காயம் உரிக்கிறாங்கன்னுதான் எனக்கு மொதல்ல பாக்கத் தோணுது."

இப்படி ஒரு மாமியார் வாய்த்துவிட்டாரே என்று ஒரு தோழி தனக்காகப் பரிதாபப்பட்டுவிட்டாள் என்பதற்காக, அந்த மாமியார் சார்பில் அரை மணி நேரம் வாதாடியவர் அவர். முடிக்கும்போது அந்தத் தோழிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க மாமியாரை நல்லா பாத்துக்குங்கக்கா" என்றாள்.

இதெல்லாம் போகட்டும். ஒருநாள் வகுப்பில் ஆற்று நீர்ப் பங்கீடு பற்றி விவாதம். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போன வருஷம் அது. ஒவ்வொருத்தனும் எழுந்து டெல்டாவுக்காக மேசையைக் குத்திப் பேசினான். நானும் குத்தினேன், கை வலித்தது. எல்லாரும் ஓய்ந்ததும் அக்கா எழுந்தார்.

"மேல இருக்குற மாநிலத்து விவசாயி இங்க வரல. அவருக்காக நான் பேசலாமா சார்?"

தஞ்சாவூரின் நடுவில், அந்த வருஷத்தில், அந்தப் பேச்சு! நான் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினேன். அப்புறம் கதவை. வெளியே வராந்தாவில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். அவர் காதில் விழக்கூடாதென்று சத்தமாக இருமினேன். அக்கா அசரவில்லை. "எனக்கும் வயலு காயுது. எனக்கும் பேங்குல நகை இருக்கு. எம் பொண்டாட்டியும் தெனம் காலைல மதகத்தான் போய்ப் பாக்குறா" என்று யாரென்றே தெரியாத ஒரு மனிதருக்காகப் பேசினார். வகுப்பு கொந்தளித்தது. "நீங்க எந்த ஊரு?" என்று ஒருவன் கத்தினான்.

"உன் ஊருதான்டா. தண்ணி வேணும்ங்குறதுல எனக்கு ஒன்னும் மாத்தம் இல்ல. ஆனா அந்தாளுக்கு என்ன பதில் சொல்லப்போறேன்னு யோசிச்சு வெச்சிருக்கியா? இல்ல, மேசையத்தான் குத்துவியா?"

துறைத் தலைவர் மட்டும் அன்று முதல்முறையாக, இந்தப் படிப்பு எதற்கு என்று புரிந்துவிட்டதுபோல் உட்கார்ந்திருந்தார்.

இனி எங்கள் வீட்டுக் கதை. எங்கள் ஊர் நன்னிலத்துக்குக் கிழக்கே, கடைமடை. ஆறு எல்லாருக்கும் கொடுத்துவிட்டு மிச்சம் இருந்தால் எட்டிப்பார்க்கிற இடம். கடலோரத்தில் இருந்த இறால் பண்ணைகள் அந்த வருஷம் உள்நோக்கி நகர்ந்து எங்கள் ஊர் வரைக்கும் வந்து நின்றன. ஒரு கம்பெனிக்காரர் வயல்களை நீண்ட குத்தகைக்குக் கேட்டார். எங்கள் வயல் மேலும் அவருக்குக் கண். அப்பா கிட்டத்தட்ட சம்மதித்துவிட்டார். அந்த சம்பாவுக்கு நாற்றுவிடவும் இல்லை. கை சும்மா இருக்கமாட்டாமல் வயலை ஒரு ஓட்டு ஓட்டி, தண்ணீர் கட்டி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

உப்புத் தண்ணீர் ஒருமுறை உள்ளே வந்தால் பக்கத்து வயலும் போய்விடும் என்று கல்லூரியில் படித்ததை வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா முன்னால் வாயைத் திறந்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும். பயம் அப்படி வெளிப்படும். அதனால் அக்காவை அழைத்துப்போனேன். வந்து புத்திமதி சொல்வார் என்று பார்த்தால், அப்பா வெளியே மாடு கட்டப் போன நேரம் பார்த்து, அக்கா என்னிடமே அப்பாவின் கட்சியைப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"தண்ணி எப்ப வரும்னு தெரியாது. வந்தா வெள்ளமா வருது. நடவுக்கு ஆள் கேட்டா வேற ஊருக்குப் போயிட்டாங்கங்குறாங்க. நீ படிக்கணும். நீ படிக்கிறது என்ன படிப்புன்னு வேற அவருக்குத் தெரியல. அவரு என்னதான் பண்ணுவாரு?"

அப்பா கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "ஏன்டா, இந்தப் பொண்ணுதான்டா படிக்குது. நீ சும்மா பஸ்ல போயிட்டு வர்ற" என்றார். அம்மாவைக் கூப்பிட்டு அக்காவுக்கு இன்னொரு தோசை போடச் சொன்னார். எனக்குச் சொல்லவில்லை.

பண்ணைக்கு அனுமதி தரலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அறிவித்தார்கள். இடம், தாலுகா ஆபீஸ். நேரம், முற்பகல். காலம், சம்பா நடவு மும்முரமாக நடக்கிற வாரம். அறிவிப்பைப் பார்த்ததும் அக்கா கேட்டது ஒன்றுதான்: "அன்னைக்கு வயல்ல நிக்கிறவங்க எப்படி வருவாங்க?"

வரமாட்டார்கள். நாற்றைப் பறித்துவிட்டால் நட்டாக வேண்டும், நட்டால்தான் கூலி. பண்ணை வந்தால் முதலில் வேலை போவது அந்தப் பெண்களுக்கு. கூட்டத்துக்கு வர முடியாததும் அவர்களுக்குத்தான். அவர்கள் பேசாமல் கூட்டம் முடிந்தால், ஊரில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று கோப்பு எழுந்து நடந்து மெட்ராஸுக்குப் போய்விடும்.

கூட்டத்துக்கு முன்னால், அன்று காலையிலேயே அதிகாரி இடத்தை நேரில் பார்வையிட வருவார் என்றும், உள்ளூர்க்காரனான நான் ஜீப்புக்கு வழிகாட்ட வேண்டும் என்றும் கல்லூரி மூலம் ஏற்பாடு. அக்கா என்னிடம், "நடவு நடக்குற வாய்க்கா கரை வழியா கூட்டிக்கிட்டு வா தம்பி" என்றார். புகைப்படம் எடுக்க என்று நினைத்துக்கொண்டேன். நல்லவன் நான்.

கரை குறுகிய இடத்தில் அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி நடந்தார். பேன்ட்டை மடித்துவிட்டிருந்த நிதானமான மனிதர். சட்டென்று வயலிலிருந்து குலவைச் சத்தம். நடவுக் கூட்டத்துக்குத் தலைவியான அஞ்சலை, சேறு சொட்டச் சொட்டக் கரையேறி வந்து, பறித்துக் கட்டாகக் கட்டிய ஒரு நாற்று முடியை அதிகாரியின் காலுக்கு முன்னால் வைத்தார். பின்னாலேயே இன்னும் நான்கு பெண்கள் நான்கு முடிகளை வரிசையாக வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் நடவு வயலுக்குப் புது ஆள் வந்தால் இது வழக்கம். முடியைத் தாண்டக்கூடாது, ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதிகாரிக்கும் தெரிந்திருந்தது. சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் கைவிட்டார்.

"காசு வேண்டாங்க ஐயா" என்றார் அஞ்சலை. "உங்க கூட்டத்த இங்க போட்டுட்டுப் போங்க."

அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தல். செய்தித்தாளில் தினமும் பார்க்கிற அந்த வாசகம் என் கண் முன்னால் கொட்டை எழுத்தில் வந்தது. வழிகாட்டியவன் நான். ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவன் நான். போலீஸ் வந்தால் எந்தச் சட்டையோடு போவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். மெல்ல நகர்ந்து ஜீப்புக்குப் பின்னால் போனால், அங்கே டிரைவர் ஏற்கெனவே ஒளிந்திருந்தார்.

அதிகாரியின் முகம் மாறியது. "அறிவிப்புல போட்ட இடம் தாலுகா ஆபீஸும்மா. இங்க நடத்த எனக்கு அதிகாரம் இல்ல."

கரையில் நின்றிருந்த அக்கா முன்னால் வந்தார். "சார் சொல்றது நியாயம்தான்" என்றார்.

"ஏய், நீ யாரு பக்கம்?" என்று அஞ்சலை இடுப்பில் கைவைத்தார்.

"உங்க பக்கம்தான்க்கா. ஆனா இவரு இங்க கூட்டம் நடத்துனா, நாளைக்கே அந்தக் கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்குப் போயி செல்லாதுன்னு வாங்கிட்டு வந்துருவாங்க. அந்தக் கம்பெனிக்காரரும் இங்க இல்ல பாருங்க." பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "ஆனா சார், எடத்தப் பாக்க வந்தப்ப, அங்க இருந்தவங்க சொன்னதப் பதிவு பண்ணிக்கிட்டுப் போயி கூட்டத்துல போட்டுக் காட்டலாம்ல? அதுக்கு விதி தடுக்குதா?"

அதிகாரி விதிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். விதி தடுக்கவில்லை. "எழுத்துல வேணும்" என்றார். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சேற்றுக் கைகளை நீட்டிக் காட்டினார்கள். அக்கா பையிலிருந்து டேப்ரிக்கார்டரை எடுத்தார்.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

"நிக்க நேரமில்லீங்க. நட்டுக்கிட்டே சொல்றோம்" என்று அஞ்சலை இறங்கிவிட்டார்.

நடவு நடுகிறவர்கள் குனிந்தபடி பின்னோக்கித்தான் நகர்வார்கள். ஆகவே அந்தக் கருத்துக் கேட்பும் பின்னோக்கி நகர்ந்தது. வரப்பில் அதிகாரி ஒவ்வொரு அடியாகக் கூடவே நடந்தார். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட இடத்தில் பெண்கள் மறுபடி குலவை போட்டார்கள். டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் போகவேண்டிய ஆள் யார்? வேறு யார். குனிந்த முகங்களுக்கு முன்னால் பெட்டியை நீட்டியபடி முழங்கால் சேற்றில் நான்.

"பேரு அஞ்சலைங்க. உப்புத்தண்ணி நின்னா ஆடு மாடு எங்க குடிக்கும்?" "பண்ணையில ரெண்டு வாச்மேனுக்குத்தான் வேல. நாங்க இத்தினி பேரு என்ன, இறாலுக்குத் தாலாட்டுப் பாடவா?" "எழுதிக்கிட்டீங்களா ஐயா? தம்பி, பெட்டிய இப்புடிக் காட்டு. எருமையாட்டம் ஆடாத."

அப்போதுதான் என் கெண்டைக்காலில் அட்டை ஏறியது. நான் போட்ட அலறல் அந்தக் கேசட்டில் பதிந்துவிட்டது. அன்று முற்பகல் தாலுகா ஆபீஸில், இரண்டு கட்சிக் கரை வேட்டிகளும் அதிசயமாக ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்க, அதிகாரி கேசட்டைப் போட்டுக் காட்டினார். என் அலறல் வந்ததும் கூட்டமே உறைந்துபோனது. ஒரு பெரியவர், "பாவம், எந்தத் தாயோ வயிறெரிஞ்சு கத்துது" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். நான் மறுக்கவில்லை. ஊருக்காகத்தானே. கேசட்டைக் கேட்ட பிறகு, ஆட்சேபணை இல்லை என்று யாராலும் எழுத முடியவில்லை. எங்கள் ஊர்ப் பண்ணைக்கு அனுமதி வரவே இல்லை.

ஆனால் அனுமதி வராதது வேறு, அப்பா மனம் மாறியது வேறு. அது கூட்டத்துக்கு முன்பே, அந்த வயலிலேயே நடந்துவிட்டது.

அப்பா அன்று வெள்ளை வேட்டி சட்டையோடு எதிர் வரப்பில் வந்து நின்றிருந்தார். பண்ணை வேண்டும் என்று தாலுகா ஆபீஸில் பேசக் கிளம்பியவர், ஜீப்பைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருந்தார். நடவு அந்த வரப்பில் போய் முட்டியதும் பெண்கள் நிமிர்ந்தார்கள். அஞ்சலை அவரைப் பார்த்து, "வாங்க இறாலு மொதலாளி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கொட்டாவி விட்டேன்.

"ஐயாவும் சொல்லணும்" என்றார் அக்கா. "பண்ணை வேணும்ங்குறவங்க பேச்சும் பதிவாகணும் சார்."

அப்பா தொண்டையைச் செருமினார். பேச வாயெடுத்தவர் கண், நட்டு முடித்தவர்கள் அந்த வரப்பில் கொண்டுவந்து போட்டிருந்த நாற்று முடிகள் மேல் விழுந்தது. அதிகாரிக்கு முன்னால் வைத்ததும் மிச்சமுமாக ஒரு குவியல்.

"இது என்ன, மிஞ்சிருச்சா?"

"மிஞ்சிருச்சுங்க. வெயில்ல கெடந்தா மாட்டுக்குத்தான்" என்றார் அஞ்சலை.

"என்ன ரகம்?"

"பொன்மணிங்க."

"பொன்மணியா?" அப்பா ஒரு முடியை எடுத்து வேரைப் பார்த்தார். விரலால் தூரைப் பிரித்துப் பார்த்தார். "நல்லா வாளிப்பாத்தான் இருக்கு. இத ஏன் இப்படி வெயில்ல போட்டீங்க? கூறு இருக்கா? தூக்கி வாய்க்கா தண்ணியில வைங்க."

"வெச்சு? யாரு வயலு காலியா கெடக்கு?" என்றார் அஞ்சலை.

யாரும் கையை நீட்டிக் காட்டவில்லை. எல்லாரும் பக்கத்தில் தண்ணீர் கட்டிக் கிடந்த எங்கள் வயலைப் பார்த்தார்கள். அதிகாரியும் பார்த்தார். அப்பா பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"ஏன்டா மரமாட்டம் நிக்கிற? சைக்கிள் எங்க? டிராக்டர்காரன் அடுத்த ஊருக்குப் போயிடப் போறான். சேறடிச்சாத்தானே நாளைக்கு நட முடியும்!"

"ஐயா!" என்று அக்கா கூப்பிட்டார். "உங்க பக்கம் இன்னும் பதிவாகலையே!"

"அத நீயே சொல்லிடும்மா. என்னவிட நீதான் நல்லா சொல்லுவ" என்று கத்திக்கொண்டே அப்பா வரப்பில் ஓடினார்.

அக்கா டேப்ரிக்கார்டரை என்னிடமிருந்து வாங்கித் தன் முன்னால் பிடித்துக்கொண்டார். "வயலுக்குச் சொந்தக்காரர் இப்ப இங்க இல்ல. அவருக்காகச் சொல்றேன்" என்று தொடங்கினார். கடைமடையின் கஷ்டம், டீசல் விலை, மகன் படிப்பு, வராத தண்ணீர், வந்த வெள்ளம். ஒன்றையும் விடவில்லை. வேண்டா வெறுப்பாகக் கேட்கத் தொடங்கிய பெண்கள் சேற்றுக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஆமா, அதும் பாவம்தான்" என்றார்கள். அதிகாரி தலையாட்டினார். நானே ஒரு நிமிஷம் பண்ணை வந்தால் என்ன என்று நினைத்துவிட்டேன்.

"ஆகவே, என் வயல இறால் பண்ணைக்குத் தர எனக்கு முழுச் சம்மதம்..."

அதற்கு மேல் கேட்கவில்லை. வாய்க்கால் கரையில் டிராக்டர் இரைந்துகொண்டு வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில், மட்கார்டைப் பிடித்தபடி, வெள்ளை வேட்டியெல்லாம் சேறாக அப்பா உட்கார்ந்திருந்தார். வயலில் இறங்குமுன் வண்டியை நிறுத்தச் சொல்லி, அக்காவைப் பார்த்துக் கத்தினார்:

"என்னம்மா, நான் இன்னும் பேசி முடிக்கலையா?"